வண்டி அடுப்பில் வாட்டிய பாண்

பாண் வாட்டுவதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று வாசக நேயர்கள் கேட்கக்கூடும். நம் நாட்டிலே பாண் என்பது சமைக்க நேரமில்லாத நாட்களிற் கைகொடுக்க வரும் பண்டம். பேக்கரியிலிருந்து சூட்டோடு வரும் றோஸ் பாணைப் பிய்த்துப் பருப்பிலோ சம்பலிலோ தோய்த்து உண்போமேயன்றி, அதனை மறுபடியும் நெருப்பிற் காட்டுவது நோயாளிக்குரிய பத்தியம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இரண்டு துண்டுகளை வாட்டித் தேநீரோடு கொடுத்தால் அக்கலை முடிந்தது. ஆனால் பிரித்தானியாவிற் பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அப்படியன்று. வாட்டிய பாண் இல்லாத காலையை அவர்கள் காலையென்றே ஒப்புவதில்லை. இட்டலி, பிட்டு எதைக் கொடுத்தாலும் உண்டுவிட்டு, “டோஸ்ற் இல்லையா?” என்று கேட்பார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இலண்டனின் புறநகரொன்றில் வாழும் எம் தமையனாரைக் காண நாம் சென்றிருந்தோம். அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. அவருடைய மகன், அதாவது எமது பெறாமகன், ஒரு பழைய வானை வாங்கி வைத்திருந்தான். அது சாதாரண வான் அன்று. உள்ளே படுக்கையாக விரியும் ஆசனம், கையகலத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு வாய்களையுடைய காஸ் அடுப்பு, தட்டுமுட்டுச் சாமான்களுக்குச் சிறு அலுமாரி என்பன இருந்தன. கூரையை மேலே தள்ளினால் கூடாரத்துணி விரிந்து, ஒரு பிள்ளை படுக்கும் அளவிற்குப் பரண் ஒன்றும் உண்டாகும். அந்த வானில், தமையனாரும் பெறாமகனும் அவன் மனைவியும் பத்து வயதுப் பேத்தியும் நாமுமாக ஐவர், ஸ்கொத்லாந்தின் மலைநாட்டுக்கு எட்டு நாட் பயணம் போவதென்று முடிவாயிற்று. இரவில் இளையவர்கள் இருவரும் பக்கத்திலே கூடாரம் அடித்துக்கொள்வர், கிழவர்கள் இருவருக்கும் வான், பிள்ளைக்குப் பரண்.

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை அந்நாட்டவர்க்குப் பழையது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் முன்னாட் கடற்படை வைத்தியர், 1885ஆம் ஆண்டில், உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டுவித்த குதிரை வண்டியொன்றில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வெர்னெஸ் நகர் வரை சென்றார். மோட்டார் வண்டிக் காலத்தில் அவ்வாசைக்கு வடிவம் கொடுத்தது ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் வான். ஒல்லாந்து நாட்டு வியாபாரி பென் பொன் என்பவர் 1947இல் ஒரு குறிப்பேட்டிற் கீறிய படமே அதன் மூலம். 1950இல் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது; அடுத்த ஆண்டே வெஸ்ற்பாலியா என்னும் நிறுவனத்தார் அதனுள் வைப்பதற்குப் படுக்கையும் அலுமாரியும் அடங்கிய பெட்டியொன்றைச் செய்தனர். எமது பெறாமகனின் வான் அந்தப் பரம்பரையில் வெகு பிந்திய ஒன்று. வெளியே நீலச் சாயம் பூசியிருந்தது. உள்ளே ஒரு மூலையில் துருவும் இருந்தது.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்னரே பாண் வாட்டும் பிரச்சினை எழுந்தது. வீட்டிலுள்ள மின்சார வாட்டியை எடுத்துச் செல்லலாமே என்று நாம் கேட்டோம். அறியாதவர் கேட்கும் நியாயமான கேள்விதான் அது. பெறாமகன் கணக்குப் போட்டுக் காட்டினான். அந்த வாட்டி 900 உவாற்று வலுவில் இயங்குவது. வானிலுள்ள மின்கலவடுக்கோ 12 உவோற்று. 900ஐ 12ஆல் வகுத்தால் 75 அம்பியர். விளக்கெரிக்கவும் தொலைபேசிக்கு மின்னேற்றவும் வைத்துள்ள மின்கலவடுக்கிலிருந்து அவ்வளவு மின்னோட்டத்தை இழுப்பது, குடத்து நீரைக் குழாயடி நீர்போல எண்ணித் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். ஆகவே காஸ் அடுப்பே கதி.

ஆனால் காஸ் சுவாலைக்கும் பாணுக்கும் பொருத்தமில்லை. முட்கரண்டியிற் குத்திச் சுவாலைக்கு மேலே பிடித்தால் ஓரங்கள் கருகும், நடு வெள்ளையாகவே நிற்கும், நாற்றமும் பற்றும். பொரிக்கும் தட்டிற் போட்டு வாட்டலாம். ஆயினும் பாணின் முகம் கண்ணாடிபோல் மட்டமானதன்று. தட்டைத் தொட்ட இடம் சிவக்கும், தொடாத இடம் வெளிறும், அடியிற் சிறைப்பட்ட ஆவி மொறுமொறுப்பைக் கெடுக்கும். முந்திய ஆண்டு பெறாமகன் கடையொன்றிலே கம்பியாலான மடக்கு வாட்டி ஒன்றை வாங்கியிருக்கின்றான். அதன் மெல்லிய தகடு இரண்டாம் பயணத்திலேயே அப்பளம்போல நெளிந்துவிட்டது.

இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த தமையனார் மெல்லச் சொன்னார்: “தம்பி, நெருப்பு பாணைச் சுடாது. நெருப்பு இரும்பைச் சுடவேணும். இரும்புதான் பாணைச் சுடவேணும்.”

அவர் சொன்னது விஞ்ஞானத்துக்கு முற்றும் ஒத்த உண்மை. மாணவர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்லுவோம். நன்றாக எரியும் நீலச் சுவாலை சூடு மிக்கதாயினும், கதிராக வெளிவிடும் வெப்பம் குறைவு. அதன் சூடு பெரும்பாலும் மேலெழும் வாயுவோடு ஓடிவிடும். அந்த வாயுவிலே நீராவியும் நிரம்ப உண்டு. ஒரு கிலோகிராம் புட்டேன் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நீர் ஆவியாக உண்டாகின்றது. வான் கண்ணாடிகளிற் காலையில் நீர் வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். பாண் சிவக்கவேண்டுமாயின் முதலில் அதன் மேற்பரப்பு உலரவேண்டும். பின்னர் 140 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டவேண்டும். அப்போதுதான் அதிலுள்ள வெல்லங்களும் அமினோவமிலங்களும் ஒன்றோடொன்று தாக்கமுற்று அந்நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இத்தாக்கத்தை 1912இல் விவரித்த பிரெஞ்சு இரசாயனர் லூயி கமில் மயார் என்பவரின் பெயரால் அது இன்றும் வழங்குகின்றது. உள்ளே ஈரமும் மென்மையும் நிற்க, வெளியே மாத்திரம் விரைவாகச் சிவக்கவேண்டுமானால், வேண்டுவது கதிர்வீசும் வெப்பம். பழைய ஆங்கில வீடுகளில் நீண்ட முட்கரண்டியிற் பாணைக் குத்திக் கணப்பின் தணலுக்கு நேரே பிடித்தார்கள். சுவாலைக்கு நேரே அன்று. 1905ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கம்பியைக் கண்டுபிடித்த பின்னரே மின்சார வாட்டி நிலைபெற்றது. அதுவும் சிவந்த கம்பியின் கதிர்தான்.

காஸ் அடுப்பில் அந்தத் தணலை எப்படி உண்டாக்குவது? சுவாலைக்கும் பாணுக்கும் இடையே ஓர் உலோகத் தட்டை வைத்து, அதைச் சிவக்கச் செய்யவேண்டும். உலோகம் 525 பாகை அளவில் இருட்டிலே மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். கதிர்வீசல் தனிவெப்பநிலையின் நாலாம் அடுக்கோடு பெருகுவது. ஆதலால் 600 பாகையிலுள்ள தட்டு, 300 பாகையிலுள்ள தட்டைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமாகக் கதிர்வீசும். எனவே, வெறுமனே சுடுகின்ற தட்டுப் போதாது, சிவந்த தட்டே வேண்டும்.

தமையனாருக்கு இந்த நாலாம் அடுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் சிவந்த இரும்பை நன்றாகத் தெரியும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துபவராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். 1990இல் யுத்தத்தால் அது மூடப்பட்டது. அதன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலிற் சிறு விளக்குச் செய்து பிள்ளைகள் படித்த காலம். அக்காலத்திலே எங்கள் ஒழுங்கையிற் பாதி வீட்டு விளக்குகளுக்குத் திரி பிடிக்கும் கம்பியை வளைத்துக் கொடுத்தது அவர் கைதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, டைனமோவில் வானொலி கேட்கும் வித்தையும் அவர் முற்றத்தில் நடந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் கடல் கடந்தார். இலண்டனில் சில காலம் களஞ்சியமொன்றிற் பெட்டி அடுக்கினார். பின்பு அதுவும் இல்லை. இன்று வீட்டிலே ஒரு திருகாணியைத் தொட்டாலும், “அப்பா, விடுங்கோ, ஆளைக் கூப்பிடுவம்” என்று மகன் தடுப்பான். அன்பினாற் சொல்வதுதான். ஆயினும், மத்தியானங்களில் அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டோம்.

வாட்டி செய்யும் வேலை வீட்டின் பின்புறக் கொட்டிலில் இரண்டு நாட்கள் நடந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன கனமான எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்று, ஓரம் நெளிந்து, உபயோகமின்றிக் கிடந்தது. அதன் நடுவிலே வட்டம் வட்டமாகச் சிறு துளைகள் போட்டார். சூடான வாயு துளைகளினூடே மேலெழும். தட்டும் ஒரே சீராகச் சிவக்கும். அலுமினியத் தட்டை ஏன் எடுக்கக்கூடாது என்று வினவினோம். அது 660 பாகையில் உருகிவிடும். அதற்கு முன்னரே தளர்ந்து தொங்கும். மலிவாகக் கிடைக்கும் கோழிக்கூட்டு வலையை மேலே வைக்கலாமே என்றோம். அவர் முகஞ்சுளித்தார். அந்த வலையில் நாகம் பூசியிருக்கும். நாகம் 419 பாகையில் உருகும். மேலும் சூடேறினால் அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். தொழிற்சாலையில் நாகம் பூசிய தகட்டை ஒட்டவைத்தவர்கள் மாலையிற் குளிர்க்காய்ச்சலோடு வீடு சென்றதைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். உணவுக்குக் கீழே எரியும் பொருளிலே சாயம், நாகம், ஈயம் எதுவும் இருக்கலாகாது என்பது அவர் விதி. சட்டை தொங்கவிடும் கம்பியும் மெருகெண்ணெய் பூசியது என்று தள்ளுபடியாயிற்று.

ஈற்றில், பேத்தியின் பழைய சைக்கிட் சில்லிலிருந்து துருப்பிடியா உருக்குக் கம்பிகள் கழற்றப்பட்டன. பதினான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. குறட்டினால் வளைத்து, பாண் துண்டு படுக்கும் பரண் ஒன்றைத் தட்டுக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில் அமைத்தார். மிஞ்சிய கம்பிகளால் நான்கு கால்கள். ஒட்டுவேலை எங்கும் இல்லை, முறுக்கும் கொக்கியுமே. பேத்தி பக்கத்தில் நின்று, கழற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள்.

வழியில் முதலிரண்டு நாட்களும் வெற்றி. லொக் லோமண்ட் ஏரிக்கரையில், வானின் பக்கக் கதவைத் திறந்து வைத்து, இரண்டு நிமிடம் தட்டைச் சிவக்கவிட்டு, துண்டைப் பரணில் வைத்தோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. திருப்பினால் கம்பி நிழல்கள் நான்கு வெள்ளைக் கோடுகளாகத் தெரிய, மற்றைய இடமெல்லாம் பொன்னிறம். பேத்தி சற்றுக் கருகலாகக் கேட்டாள், மருமகள் மறுத்துவிட்டாள். மாப்பொருளை மிகைச் சூட்டிற் கருக்கினால் அக்கிரிலமைட்டு என்னும் தீய பொருள் உண்டாவதைச் சுவீடன் விஞ்ஞானிகள் 2002இல் வெளியிட்டனர். பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று பிரித்தானிய உணவு அதிகாரிகள் 2017இல் மக்களுக்குச் சொன்னார்கள். பட்டரும் நாம் கொண்டுபோன சீனிச் சம்பலும் பூசி, ஏரியைப் பார்த்துக்கொண்டு உண்டோம். தமையனார் தாம் உண்ணாமல் மற்றவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாட் காலை கிளென்கோப் பள்ளத்தாக்கில் விடிந்தது. இருபுறமும் மலைகள், கீழே புல்வெளி, காற்று அசையவில்லை. காற்றில்லாத ஈரமான காலையில் அந்நாட்டு மலைப்பகுதியில் ‘மிட்ஜ்’ என்னும் பூச்சி கிளம்பும். நம் நுளம்பின் பேரப்பிள்ளைபோல அவ்வளவு சிறியது. ஆயின் ஆயிரக்கணக்கில் வரும், கடித்தால் தடிக்கும். கூடாரத்திலிருந்து ஓடிவந்த மருமகள் கதவையும் சன்னல்களையும் இறுக அடைத்தாள். ஐவரும் உள்ளே. அடுப்பு எரிகின்றது, வாட்டி மேலே, பக்கத்து வாயிலே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கின்றது. பாண் துண்டுகள் ஐந்தாறு ஆகியிருக்கும். திடீரெனச் சுவரிலே இருந்த சிறு பெட்டி காது கிழியக் கத்தத் தொடங்கிற்று.

அது காபனோரொட்சைட்டைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு போனால் குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பின்பு தூக்கம். தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். வான்களிலும் கூடாரங்களிலும் குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்கிய குடும்பங்கள் மறுநாள் எழாத செய்திகள் ஐரோப்பிய நாடுகளிற் பலமுறை வந்துள்ளன. காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு அந்த வாயு சேர்ந்தால் மூன்று நிமிடத்துக்குள் இக்கருவி ஒலிக்கவேண்டும் என்பது அங்குள்ள நியமம். 100 பங்காயின் பத்து முதல் நாற்பது நிமிடத்துக்குள்.

பெறாமகன் ஒரு நொடியில் அடுப்பை அணைத்தான், கதவைத் திறந்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தான். நாம் அனைவரும் பூச்சிகளின் நடுவே பனிப்புல்லில் நின்றோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது. கருவி ஓய்ந்ததும் உள்ளே போய், துணியாற் பிடித்து வாட்டியை எடுத்து வந்தான். “இதை இனி இந்த வானுக்குள்ளே வைக்கேலாது” என்று சொல்லிக் குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தான். தந்தையின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அவன் அச்சத்தைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். பத்து வயதுப் பிள்ளையின் தகப்பன் அவன். ஆனாலும், வான் படியில் வந்து அமர்ந்த தமையனாரைப் பார்க்க எமக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் வாதாடவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். தொழிற்சாலை மூடப்பட்ட அன்று வீட்டுக்கு வந்தபோதும் அவர் அப்படித்தான் இருந்தார்.

பேத்திதான் கேட்டாள்: “அப்பப்பா, இண்டைக்கு மட்டும் நெருப்பு ஏன் மஞ்சளாய் வந்தது?”

அவர் திரும்பினார். “மஞ்சளாயோ? எங்கே கண்டனீ?”

“தட்டின்ரை ஓரத்திலை. நேற்று நீலமாய்த்தானே இருந்தது?”

அவர் எழுந்து மகனிடம் சென்று கையை நீட்டினார். மகன் தயங்கி, பின்னர் கொடுத்தான். புல்லின்மேல் ஒரு பலகையில் வாட்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். நான்கு கால்களும் வெளிப்புறமாக அகன்று, தட்டு அரை அங்குலம் வரை தாழ்ந்திருந்தது. விடயம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சைக்கிட் கம்பி குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்யப்படுவது. அதன் விறைப்பு அந்த இழுப்பினால் வந்தது. சிவக்கச் சூடேற்றினால் அவ்விறைப்பு இறங்கி, சாதாரணக் கம்பிபோல வளையும். இரண்டு நாள் நெருப்பிற் கால்கள் தளர்ந்து தட்டைக் கீழே விட்டுவிட்டன.

தட்டுத் தாழ்ந்தால் என்ன? சுவாலை முழுதாக எரிவதற்கு இடமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீலக் கூம்பின் நடுவிலே உலோகம் நுழைந்தால், எரிதல் பாதியிலே குளிர்ந்து நின்றுவிடுகின்றது. பக்கத்துக் காற்றும் தடைப்படுகின்றது. முழுதாய் எரிந்தால் காபனீரொட்சைட்டாக வேண்டியது, பாதியில் நின்று காபனோரொட்சைட்டாக வெளியேறுகின்றது. மஞ்சள் நுனி அதற்கு அடையாளம். பாத்திரத்தின் அடியிற் கரி படிவதும் அடையாளமே. கதவும் சன்னலும் அடைபட்ட வானில் அது சேர்ந்துகொண்டே போகும். இதை நம் வீட்டுச் சமையலறைகளிலும் கவனிக்கலாம். 2022இல் ஓர் உருளைக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், அந்த உருளையின் நெருப்பு என்ன நிறத்தில் எரிகின்றது என்று எத்தனை பேர் பார்க்கின்றோம்?

தமையனார் பேத்தியையும் மகனையும் அழைத்து, அடுப்பின் ஒரு வாயைக் கதவு திறந்தபடியே மூட்டினார். வாட்டியைக் குறட்டினாற் பிடித்து உயர்த்தினார், சுவாலை நீலம். தாழ்த்தினார், ஓரங்களில் மஞ்சள் நாக்குகள் நெளிந்தன. மறுபடி உயர்த்தினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாம் முறை பேத்தியே குறட்டைப் பிடித்துச் செய்து பார்த்தாள்.

“கால் சூடேறாத இடத்திலை, தட்டின்ரை ஓரத்திலை இருக்கவேணும். தடிப்பாயும் இருக்கவேணும்” என்றார் பின்பு, தமக்குத்தாமே சொல்பவர்போல. “இரண்டு அங்குல போல்ட் நாலு. நட்டுப் போட்டால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நாகம் பூசினது வேண்டாம்.”

பெறாமகன் சிறிது நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு கூடாரத்தைக் கழற்றத் தொடங்கினான். போட் வில்லியம் பட்டினம் அங்கிருந்து ஏறக்குறைய பதினாறு மைல். அங்கு இரும்புச் சாமான் கடையொன்றில் அவனே இறங்கிப் போய், துருப்பிடியா உருக்கிலான நான்கு போல்ட்டுகளும் எட்டு நட்டுகளும் ஒரு சிறு வட்ட அரமும் வாங்கி வந்தான். அரம் வேண்டுமென்று தமையனார் கேட்கவில்லை. துளையைப் பெருப்பிக்க அது தேவையென்று அவனாகவே எண்ணியிருக்கின்றான். அன்று மாலை பென் நெவிஸ் மலையின் அடிவாரத்தில், 1345 மீற்றர் உயரமான பிரித்தானியாவின் அந்தப் பெருமலையைப் பார்க்காமல், தகப்பனும் மகனும் குனிந்திருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை அராவிக்கொண்டிருந்தார்கள். மருமகள் எம்மைப் பார்த்துச் சிரித்தாள்.

பூச்சிக்கு வழி கண்டவனும் பெறாமகனே. மிட்ஜ் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கும் வலு இல்லை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினாலே அது புல்லுக்குள் அடங்கிவிடும். ஆதலின் வானைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓட்டி, பக்கக் கதவு காற்றைப் பார்க்க நிறுத்தினான். கூரையின் துவாரத்தையும் திறந்து விட்டான். வானின் அடித்தளத்தில் காஸ் பெட்டிக்கு அருகே இருந்த ஓட்டைகளையும் குனிந்து சோதித்தான். கசியும் காஸ் காற்றிலும் பாரமானது. கீழே தேங்காமல் வெளியேறவே அந்த ஓட்டைகள். குளிருக்காகப் பலர் அவற்றைத் துணியால் அடைத்து விடுகின்றார்களாம்.

மறுநாட் காலையில் எச்சரிக்கைக் கருவியை எல்லோரும் காணத்தக்கதாக மேசையில் வைத்துக்கொண்டு வாட்டி ஏற்றப்பட்டது. பாணும் அன்று மூன்று நாட் பழையது, கையில் எடுத்தால் அட்டைபோல. வாட்டுவதற்கு அதுவே ஏற்றது. பாண் பழசாகும்போது விறைப்பது நீர் வற்றுவதால் மாத்திரமன்று. அதிலுள்ள மாப்பொருள் மீண்டும் பளிங்குருவாக இறுகுவதே முக்கிய காரணம். 60 பாகைக்கு மேற் சூடேறினால் அவ்விறுக்கம் தளர்ந்து உள்ளே திரும்பவும் மெதுமையாகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பாண் விரைவிற் பழசாவதும் இதனாலேயே. இல்லத்தரசிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இருபது நிமிடத்தில் பன்னிரண்டு துண்டுகள் வாட்டப்பட்டன. சுவாலை நீலமாகவே நின்றது. கருவியின் இலக்கம் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பேத்தி இலக்கத்தை உரக்கப் படித்தாள். முதலாவது துண்டைப் பெறாமகன் எடுத்துப் பட்டர் பூசித் தகப்பனிடம் கொடுத்தான். அவர் அதைக் கடித்துவிட்டு, “இன்னும் ஒரு நட்டுத் திருப்பு உயர்த்தினால் நல்லது” என்றார்.

அந்த மேட்டில் எமக்குப் பக்கத்தில் வான் நிறுத்தியிருந்த ஸ்கொத்லாந்துத் தம்பதியர் இருவர், வயது முதிர்ந்தவர்கள், மணம் பிடித்து வந்து பார்த்தார்கள். மனிதர் குனிந்து போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எங்கே விற்கின்றது என்று கேட்டார். எங்கும் விற்பதில்லை என்று பேத்தி மறுமொழி சொன்னாள். அவர் தம் முகவரியை ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்துச் சென்றார்.

சென்ற கிழமை தமையனார் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஸ்கொத்லாந்துக்காரருக்கு ஒன்று, மகனுடைய கந்தோர் நண்பர்களுக்கு இரண்டு என மூன்று வாட்டிகள் செய்து அனுப்பிவிட்டாராம். மேலும் இருவர் கேட்டிருக்கின்றார்கள். அங்கே விற்கும் தட்டுகள் மெல்லியவை, சிவந்தவுடன் நெளிகின்றன. யாழ்ப்பாணச் சந்தையில் கனமான எவர்சில்வர் தட்டு இரண்டு வாங்கி, யாராவது வருகின்றவர்களிடம் கொடுத்துவிடும்படி சொன்னார். ஒன்பது அங்குல அகலம், ஓரம் மடித்தது, அடியிற் பூ வேலைப்பாடு இல்லாதது. நாம் வாங்கி வைத்திருக்கின்றோம்.